மூத்த குடிமக்கள் பஸ் டோக்கன்: டிப்போவுக்குக் கிளம்பும் முன்

சென்னையில் ஒரு டிப்போ வாசலில், எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் மூன்றாவது முறையாக வெறுங்கையோடு திரும்பினார். முதல் நாள் போட்டோ ஒன்று குறைந்தது. அடுத்த முறை ஜெராக்ஸ் இல்லை. மூன்றாம் முறைதான் அவருடைய ரேஷன் கார்டு ஊர் விலாசத்தில் இருப்பதைப் பார்த்துச் சொன்னார்கள். முதல் நாளே அந்தக் கார்டைப் புரட்டிப் பார்த்திருந்தால் வெயிலில் இரண்டு நடை மிச்சமாகியிருக்கும்.

சென்னையில் வசிக்கும், 60 வயது நிறைந்தவர்களுக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகம் பஸ்ஸில் இலவசமாகப் போக மாதம் 10 டோக்கன் தருகிறது. ஆறு மாதத்துக்கு உரியதைச் சேர்த்துக் கொடுப்பார்கள். 2016-இல் வந்த திட்டம். ஏசி பஸ்ஸில் மட்டும் செல்லாது.

ஆட்களைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் ரேஷன் கார்டுதான். இருப்பிடச் சான்றாக அதைத்தான் கேட்கிறார்கள். மகன் வீட்டில் பத்து வருடமாக இருந்தாலும், கார்டு ஊரில் இருந்தால் நீங்கள் சென்னைவாசி இல்லை. மகனுடைய கார்டில் பெயர் சேர்க்க வேண்டுமென்றால், முதலில் ஊர்க் கார்டில் பெயரை நீக்க வேண்டும். இதில் அவசரப்படாதீர்கள். ஊரில் தனிக் கார்டு வைத்திருப்பவர்கள், அதிலும் மாதம் 35 கிலோ அரிசி வாங்கும் அந்தியோதயா கார்டுக்காரர்கள், பஸ் டோக்கனுக்காக அதை விட்டுக்கொடுப்பது நஷ்டம். ஊருக்குத் திரும்பப் போவதே இல்லை என்றால் மட்டும் மாற்றுங்கள்.

அடுத்தது வயது. 60 நிறைந்திருக்க வேண்டும், நடந்துகொண்டிருந்தால் போதாது. ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பள்ளிச் சான்றிதழ் இவற்றில் ஒன்று போதும். ஆனால் ரேஷன் கார்டில் ஒரு வயதும் ஆதாரில் ஒரு வயதும் இருந்தால் கேள்வி வரும். வீட்டிலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள். புதிதாக வாங்குபவர்கள் இரண்டு கலர் போட்டோ கொண்டுபோக வேண்டும். எல்லா ஆவணத்துக்கும் அசலும் நகலும் கையில் இருக்கட்டும். ஏற்கெனவே அடையாள அட்டை உள்ளவர்கள் அதைத் தொலைத்துவிடாதீர்கள், புதுப்பிக்க அதுதான் வேண்டும்.

தேதியும் முக்கியம். ஜனவரி முதல் ஜூன் வரைக்கான டோக்கனை டிசம்பர் 21 முதல் ஜனவரி 31 வரையிலும், அடுத்த ஆறு மாதத்துக்கானதை ஜூன் 21 முதல் ஜூலை 31 வரையிலும் கொடுப்பது வழக்கம். அந்த நாட்களில் சுமார் 40 இடங்களில் காலை 8 மணியிலிருந்து வாங்கலாம். தவறவிட்டால் விட்டுவிட வேண்டாம், அப்புறமும் டிப்போவில் அலுவலக நேரத்தில் தருவார்கள். ‘தேதி முடிஞ்சுபோச்சு’ என்று யாராவது சொன்னால், உள்ளே போய் இன்னொருவரைக் கேளுங்கள்.

ஒரு டோக்கனுக்கு ஒரு பயணம்தான். பஸ் மாறினால் இன்னொரு டோக்கன் போகும். இரண்டு பஸ் மாறி அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் நான்கு தீர்ந்துவிடும். மாதத்துக்கு இரண்டு முறை போனால் மிச்சம் இரண்டு. அதனால்தான் அம்மாக்களுக்கு ஒன்று சொல்கிறேன்: சாதாரணக் கட்டண பஸ்ஸில் டோக்கனைக் கொடுக்காதீர்கள். 2021 மே மாதத்திலிருந்து அதில் பெண்களுக்கு இலவசம். வயதோ கார்டோ விலாசமோ கேட்க மாட்டார்கள், ஊர்க் கார்டு இருந்தாலும் பிரச்சினை இல்லை. கட்டணமில்லா டிக்கெட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டோக்கனைச் சொகுசு பஸ்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே எண்ணில் இரண்டு வகை பஸ்ஸும் ஓடும், அதனால் ஏறும்முன் போர்டைப் பாருங்கள். முன்புறம் பிங்க் நிறம் அடித்திருந்தால் இலவசம்.

நிறுத்தத்தில் நிற்காமல் போனாலோ, டோக்கனை வாங்க மறுத்தாலோ பஸ்ஸின் பதிவு எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு 149-க்குப் போன் செய்யுங்கள். தடம் எண்ணை மட்டும் சொன்னால் எந்த பஸ் என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.