வீசிங் என்று எதை எழுதிக்கொள்வது?

குழந்தைகளுக்கான மருந்துச் சோதனைகளில் பக்கவிளைவுப் படிவங்களைப் பார்க்கும்போது நான் இரண்டு முறை படிக்கும் பதிவு 'வீசிங்'. காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் ஓர் எண்ணைத் தந்துவிடும். வீசிங்குக்கு யாரோ ஒருவருடைய காதுதான் சாட்சி. மூக்கடைத்த குழந்தையின் கொர்கொர் ஒலி, தொண்டையில் சளி கரகரப்பது, எல்லாமே வீட்டில் வீசிங்தான். மருத்துவர் தேடுவதோ, சுருங்கிய மூச்சுக்குழாய் வழியே, பெரும்பாலும் மூச்சை வெளிவிடும்போது, நீண்டு கேட்கும் விசில் ஒலியை.

இளைய மருத்துவர்களுக்கு நான் எடுத்துக்காட்டுவது, மூக்கில் தெளிக்கும் இன்ஃப்ளுயன்சா தடுப்பு மருந்தான ஃப்ளூமிஸ்டின் சோதனையை. வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ் கொண்ட மருந்து அது. முந்தைய ஒரு சோதனையில் ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்டவர்களிடம் ஆஸ்துமா பதிவுகள் கூடியிருந்தன. ஆகவே 2004-05 குளிர்காலத்தில் 16 நாடுகளில், 6 முதல் 59 மாத வயதுள்ள எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் இதை ஊசி மருந்தோடு ஒப்பிட்டபோது, எதை வீசிங் என்று எண்ணுவது என்பதை முன்கூட்டியே வரையறுத்துவிட்டார்கள். மருத்துவப் பணியாளர் பரிசோதித்துக் கேட்டிருக்க வேண்டும். கூடவே மூச்சுத்திணறலின் அறிகுறியோ, ஆக்ஸிஜன் குறைவோ, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைத் தினமும் தரச்சொல்லும் சீட்டோ இருக்க வேண்டும். மருந்து கொடுத்த 42 நாட்களுக்குள் நடந்ததைத் தனியே கணக்கிட்டார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் தெளிப்பும் ஊசியும் இரண்டும் கொடுக்கப்பட்டன. அவற்றில் ஒன்று வெறும் போலி. எந்த மருந்து என்று தெரிந்துவிட்டால் காதும் கட்சி சேர்ந்துவிடுமே!

இரண்டு வயதுக்குக் கீழே தெளிப்பு பெற்றவர்களில் 5.9 சதவீதத்தினருக்கும் ஊசி பெற்றவர்களில் 3.8 சதவீதத்தினருக்கும் வீசிங் வந்தது. இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் அது 2.1, 2.5 என்று ஏறக்குறைய சமம். ஊசிக் குழுவின் 3.8 சதவீதத்தைக் கவனியுங்கள். சளி பிடித்தாலே மூச்சு இளைக்கும் வயது அது; ஒப்பிட இன்னொரு குழு இல்லாவிட்டால் அத்தனை பழியும் மருந்தின் மேல் விழுந்திருக்கும், அல்லது சளி என்று எல்லாமே தள்ளுபடியாகியிருக்கும். ஃப்ளூ தடுப்பில் ஊசியை விடத் தெளிப்பே மேலாக இருந்தும், 2007-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை இரண்டு வயதுக்கு மேல்தான் அனுமதித்தது.

இந்த வரையறையில் எனக்கு ஒட்டாத பகுதி, மருந்துச் சீட்டு. சீட்டு எழுதுவது நோயை மட்டும் பொறுத்ததல்ல, மருத்துவரின் பழக்கத்தையும் பொறுத்தது. இருமலோடு வரும் குழந்தைக்கெல்லாம் நெபுலைசர் வைக்கும் கிளினிக்கில் எண்ணிக்கை ஊதிப்போகும். மருந்தெழுதத் தயங்கும் மருத்துவரிடம் குறைந்துபோகும். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மூச்சுக்குழாய் மிகவும் இறுகிவிட்டால் காற்றே போகாது, ஒலியும் கேட்காது. மிக மோசமான நிலையில் இருக்கும் குழந்தையின் படிவத்தில் 'வீசிங் இல்லை' என்று இருக்கக்கூடும். அதனால் ஒலி கேட்டாலும் கேட்காவிட்டாலும் மூச்சின் எண்ணிக்கை, விலா உள்வாங்குகிறதா, பல்ஸ் ஆக்ஸிமீட்டர் என்ன காட்டுகிறது, இம்மூன்றையும் எழுதச் சொல்கிறேன்.

உங்கள் குழந்தை ஏதாவது சோதனையில் சேர்ந்திருந்தால், இளைப்பு தெரிந்ததும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். முடிந்தால் சட்டையைத் தூக்கி நெஞ்சும் வயிறும் தெரிய அரை நிமிடம் ஃபோனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காகத் தாமதிக்க வேண்டாம். வேறு மருத்துவரிடம் காட்டினால், அவர் ஸ்டெதஸ்கோப்பில் கேட்டதைச் சீட்டில் எழுதித் தரச்சொல்லி, அன்றே சோதனைக் குழுவுக்கும் தெரிவியுங்கள்.