ஸ்குருவைத் திருகுவதற்கு முன் பெட்ரோலைப் பாருங்கள்

போன ஐப்பசி மழைக்கு நடுவே, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் மகனுடைய 100 சிசி வண்டியைத் தள்ளிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். மகன் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போய்ப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அத்தனை நாளும் வண்டி திண்ணையோரத்தில் துணி போர்த்தி நின்றிருக்கிறது. "ஸ்டார்ட் ஆகிறது தம்பி. ஆக்சிலேட்டரை விட்டால் நடுங்கி நடுங்கி நின்றுவிடுகிறது" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் யோசனை சொல்லி, ஆக்சிலேட்டரை விட்டிருக்கும்போது எஞ்சின் சுற்றும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லோ ஸ்பீடு ஸ்குருவை நன்றாக ஏற்றிவிட்டிருக்கிறார். சூடேறியதும் எஞ்சின் இரைச்சலோடு ஓடியிருக்கிறது. கிளட்சை விட்டதும் வண்டி பாய்ந்து, சுற்றுச்சுவரில் மோதாமல் ஆசிரியர் மயிரிழையில் தப்பியிருக்கிறார். அறுபத்தெட்டு வயதுக்காரர். இதைக் கேட்டபோதுதான் எனக்குப் பதற்றமாக இருந்தது. வண்டி நின்றுபோவதைப் பெரிய பிரச்சினையாக நான் நினைக்கவில்லை. அதை மறைக்கச் செய்த வேலைதான் ஆளைக் கவிழ்க்கப் பார்த்தது.

நாள்பட நின்ற வண்டி ஸ்லோவில் நிற்காமல் அடம்பிடித்தால், பெரும்பாலும் ஸ்குருவில் குற்றம் இருக்காது. போன வருடம் வரை அதே ஸ்குரு அதே இடத்தில்தான் இருந்தது, வண்டியும் ஒழுங்காக ஓடியது. இடையில் மாறியது பெட்ரோல்.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள வண்டியில் ஆக்சிலேட்டரை முழுக்க விட்டிருக்கும்போது காற்று வழி ஏறக்குறைய மூடியிருக்கும். பெரிய பெட்ரோல் துளையான மெயின் ஜெட்டிலிருந்து பெட்ரோலை இழுக்கும் அளவுக்கு அங்கே உறிஞ்சல் இருக்காது. அந்த நேரத்தில் எஞ்சினுக்குச் சோறு போடுவது ஸ்லோ ஜெட் என்ற சிறு பித்தளைத் துண்டுதான். அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. தையல் ஊசியே நுழையாது. வண்டி மாதக்கணக்கில் நிற்கும்போது கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோலிலிருந்து இலகுவான பகுதி ஆவியாகிப் போய்விடும். மிஞ்சியது பிசினாகி, முதலில் அடைப்பது இந்தத் துளையைத்தான். வேகத்தில் ஓடும்போது மெயின் ஜெட் பார்த்துக்கொள்வதால் குறை தெரியாது. சிக்னலில் நிற்கும்போதுதான் நடுக்கம் வரும்.

இதோடு எத்தனாலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-இல் 10 சதவீதத்தையும், 2025-இல் 20 சதவீதத்தையும் எட்டியது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. ஓரளவு தண்ணீரைத் தன்னோடு கலந்து வைத்திருக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டாங்கின் அடியில் தங்கிவிடும். பெட்ரோல் டேப்பு இழுப்பதும் அடியிலிருந்துதான். கடலோரத்து ஈரக்காற்றில், பாதி டாங்கோடு ஒரு மழைக்காலத்தைக் கழித்த வண்டிக்குள் துருவும் தண்ணீரும் இருப்பதில் வியப்பே இல்லை.

ஆசிரியரின் வண்டியில் நான் முதலில் செய்தது, காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை இழுத்துப் பார்த்தது. சோக் போட்டதும் நடுக்கம் அடங்கிச் சீராக ஓடியது. தள்ளிய உடனே மறுபடி தடுமாறியது. எஞ்சினுக்குக் காற்று கூடுதலாகவும் பெட்ரோல் குறைவாகவும் போகிறது என்பதற்கு இது நல்ல அடையாளம். வீட்டில் நீங்களே இதைச் செய்து பார்க்கலாம், கருவி எதுவும் வேண்டாம். அடுத்து அடிக்கிண்ணத்தின் வடிகால் திருகைத் தளர்த்திக் கண்ணாடிக் குப்பியில் பிடித்தேன். நல்ல பெட்ரோலின் காரமான வாசனை இல்லை. பழைய வார்னிஷ் வாடை அடித்தது. குப்பியின் அடியில் தண்ணீர் முத்துகள் உருண்டன.

டாங்கைக் கழற்றி முழுவதும் காலி செய்தோம். கார்புரேட்டரைப் பிரித்தபோது ஸ்லோ ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன், ஒரு பொட்டு ஒளிகூடத் தெரியவில்லை. இங்கே பலர் செய்யும் தவறு, இரும்புக் கம்பியை விட்டுக் குத்துவது. பித்தளை மென்மையானது; துளை ஒரு நூலிழை பெரிதானாலும் அந்த ஜெட் கெட்டது. பிறகு வண்டி பெட்ரோலைக் குடிக்கும், பிளக் கரிந்துகொண்டே இருக்கும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் பெரும்பாலும் திறந்துவிடும். திறக்கவில்லையென்றால் மின்கம்பியிலுள்ள ஒற்றைச் செம்பு இழையைப் பயன்படுத்துவேன். அதற்கும் மசியாவிட்டால் புது ஜெட் போடுவேன், அதன் விலை ஒன்றும் பெரிதில்லை. ஊறவைப்பதற்கு முன் ரப்பர் வளையங்களையும், காற்றடிப்பதற்கு முன் அடிக்கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையையும் கழற்றி வைத்துவிட வேண்டும். ஜெட்டைத் துடைத்துவிட்டு, கார்புரேட்டர் உடலுக்குள் இருக்கும் நுண்வழிகளை விட்டுவிட்டால் ஒரே வாரத்தில் வண்டி திரும்பி வரும். தொழில் கற்ற காலத்தில் என்னிடமிருந்து அப்படி ஒரு வண்டி திரும்பி வந்திருக்கிறது.

எல்லாம் பூட்டிய பிறகு, நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி எஞ்சினைச் சூடாக்கித்தான் ஸ்குருக்களில் கை வைத்தேன். குளிர்ந்த எஞ்சினில் வைக்கும் அளவு சூட்டில் நிலைக்காது. காற்று, பெட்ரோல் விகிதத்தை மாற்றும் கலவைத் திருகை எஞ்சின் சீராகச் சுற்றும் இடத்தில் நிறுத்தி, அதன்பின் ஸ்லோ ஸ்பீடு ஸ்குருவை இறக்க வேண்டும். இந்த வகை வண்டிகளில் நிமிடத்துக்குச் சுமார் 1400 சுற்று போதும். பக்கத்து வீட்டுக்காரர் ஏற்றியிருந்த அளவு அதற்கு வெகுதூரம் மேலே இருந்தது.

ஜெட் சுத்தமாக இருந்தும் தடுமாற்றம் போகவில்லையென்றால், கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் இணைப்பைக் கையால் வளைத்துப் பாருங்கள். காய்ந்து வெடித்திருந்தால் அதன் வழியே கள்ளக்காற்று நுழையும். ஏர் ஃபில்டர் பெட்டியில் எலி பஞ்சு சேர்த்ததையும், சைலன்சர் வாயில் குளவி மண்கூடு கட்டியதையும் நான் பலமுறை கண்டிருக்கிறேன். பிளக்கையும் ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு வாங்கிய வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது, பெட்ரோலை ஊசி போல் பீய்ச்சும் இன்ஜெக்டர்தான். அவற்றில் முதலில் பேட்டரியைச் சோதிக்க வேண்டும். மாதக்கணக்கில் நின்ற பேட்டரி தளர்ந்திருந்தால் பம்பும் கணினியும் ஒழுங்காக வேலை செய்யாது. பெட்ரோல் குழாய் அழுத்தத்தில் இருக்கும் என்பதால் வீட்டில் பிரிக்க வேண்டாம். பயிற்சி பெற்றவரிடம் கொண்டுபோங்கள்.

பழைய பெட்ரோலை எடுக்கும்போது நடப்பதைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. குழாயை வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். பெட்ரோல் ஒரு மடக்கு தவறி நுரையீரலுக்குள் போனாலே கடுமையான அழற்சி வரும். விழுங்கிவிட்டவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, வாந்தியோடு அது மறுபடி நுரையீரலுக்குப் போகும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எடுத்த பெட்ரோலைக் குடிநீர்ப் பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைக்காதீர்கள். வீட்டில் குழந்தை இருக்கிறது, தாகத்தோடு வருகிற விருந்தாளி இருக்கிறார். சாக்கடையிலோ குப்பைத் தீயிலோ ஊற்றவும் வேண்டாம்.

இன்னொன்று, மழைக்குப் பயந்து ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே எஞ்சினை ஓடவிடுவது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ஒரு மழை நாளில் என்னிடம் வேலை பார்த்த பையன் அப்படி ஸ்லோ ஸ்பீடு சரிசெய்துகொண்டிருந்து, தலைவலியும் மயக்கமுமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். அன்றிலிருந்து நனைந்தாலும் வாசலில்தான் எஞ்சின் ஓடும்.

வேலை முடிந்ததும் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டார். "ஆரம்பத்தில் ஞாயிறுதோறும் இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தேனே, அது போதாதா?" பலரும் அன்போடு செய்வதுதான் அது. ஆனால் இரண்டு நிமிடத்தில் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராது. எரிபொருள் எரிந்து உண்டாகும் நீராவி ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கித் துருவைத்தான் வளர்க்கும். பத்து நாளைக்கு ஒருமுறை எட்டுப் பத்து கிலோமீட்டர் ஓட்டுவது நல்லது. அது முடியாமல் பல மாதம் நிறுத்துவதென்றால், கார்புரேட்டர் வண்டியில் டேப்பை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, அடிக்கிண்ணத்தில் மிஞ்சியதை வடித்துவிட வேண்டும். டாங்கையும் காலி செய்து, உள்ளே லேசாக எண்ணெய்ப் பூச்சு கொடுத்து மூட வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடலாம்.

அவர் சட்டைப்பையிலிருந்த சின்ன நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எங்கள் ஊருக்கும் வாரச்சந்தைக்கும் போய்வர ஒன்பது கிலோமீட்டர். இப்போது ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் அந்த வண்டியில்தான் காய்கறி வாங்க வருகிறார். போகிற வழியில் பட்டறை வாசலில் நிறுத்தி, ஆக்சிலேட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஸ்லோவில் நிற்கிறதா என்று என்னையும் கேட்கச் சொல்கிறார்.