நாய்க்கடி: கையில் போடும் ஊசி மட்டும் போதாது

நாய் கடித்தால் ஊசி போட வேண்டும் என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். தொப்புளைச் சுற்றி ஊசி என்ற பழைய பயமும் போய்விட்டது. ஆனால் அவசரப் பிரிவில் அடிக்கடி ஒரு கேள்வி வருகிறது: "அதான் கையில ஊசி போட்டாச்சே டாக்டர், புண்ணுல வேற எதுக்குக் குத்துறீங்க?" குழந்தை அழுவதைப் பார்க்க முடியாமல் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும் பெற்றோரும் உண்டு. தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள்.

கையில் போடுவது தடுப்பூசி. அதைப் பார்த்து நம் உடம்பு எதிர்ப்புப் புரதங்களை உருவாக்க ஏழு முதல் பதினான்கு நாட்கள் ஆகும். ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) கிருமியோ கடித்த இடத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து நரம்பைப் பிடித்து மூளைக்கு ஏறப் பார்க்கும். முகம், கழுத்து, விரல் நுனி போன்ற நரம்பு நிறைந்த இடங்களில் கடி என்றால் அவகாசம் இன்னும் குறைவு. அந்த இடைவெளியில் காவல் காப்பதுதான் சீரம், அதாவது இம்யூனோகுளோபுலின். ஏற்கெனவே தயாரான எதிர்ப்புப் புரதம் என்பதால் போட்ட உடனே வேலை செய்யும். அறிகுறி தெரிந்த பிறகு ரேபிஸிலிருந்து மீட்க மருத்துவத்தில் ஏறக்குறைய வழியே இல்லை.

தோல் கிழிந்து ரத்தம் வந்த கடி, பிறாண்டல் எல்லாவற்றுக்கும் சீரம் தேவை. அளவு எடையைப் பொறுத்தது. குதிரையிலிருந்து எடுத்ததென்றால் கிலோவுக்கு 40 யூனிட், மனித ரத்தத்திலிருந்து எடுத்ததென்றால் 20. 15 கிலோ குழந்தைக்குக் குதிரை சீரம் 600 யூனிட், அதாவது சுமார் 2 மில்லி. கன்னத்தில் நாலைந்து பல் பதிந்திருந்தால் அந்த 2 மில்லி எல்லாக் காயத்துக்கும் எட்டாது. அப்போது சலைன் கலந்து அளவைக் கூட்டி, ஒவ்வொரு காயத்துக்குள்ளும் அதன் ஓரங்களிலும் செலுத்துவோம். விரல் நுனியில் இடமே இருக்காது. அங்கே சொட்டுச் சொட்டாக, மெதுவாகத்தான். வலிக்கும், உண்மைதான். அதற்காக இடுப்பில் மட்டும் போட்டு அனுப்பினால், மருந்து தேவைப்படும் இடத்துக்குப் போய்ச் சேராது.

குதிரை சீரம் என்றால் சிலர் தயங்குகிறார்கள். இப்போது வருவது நன்கு சுத்திகரிக்கப்பட்டது. கடுமையான ஒவ்வாமை அபூர்வம், அதைச் சமாளிக்கும் மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் போடுவோம். சீரத்துக்குப் பதிலாக, ஆய்வகத்தில் தயாரிக்கும் எதிர்ப்புப் புரதங்களான மோனோக்ளோனல் ஆன்டிபாடிகளும் இந்தியாவில் கிடைக்கின்றன: 2016இல் அனுமதி பெற்ற ரேபிஷீல்டு, பிறகு வந்த ட்வின்ராப். கர்ப்பிணிகளும் தடுப்பூசியையும் சீரத்தையும் தவிர்க்கக் கூடாது.

எந்த ஊசிக்கும் முன்னால், வீட்டிலேயே சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், பச்சிலை எதுவும் வேண்டாம். காயம் பெரிதாக இருந்தாலும் உடனே தையல் போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் சீரம் செலுத்திய பிறகுதான், அதுவும் தளர்வாக.

முதல் நாள் சீரம் கிடைக்காவிட்டால் தடுப்பூசியைத் தொடங்கிவிட்டு, அன்றே பெரிய அரசு மருத்துவமனைக்குப் போங்கள். முதல் ஊசியிலிருந்து ஏழு நாள் வரை சீரம் போடலாம். அதற்குப் பிறகு தேவையில்லை. முன்பே முழுத் தடுப்பூசி போட்டவர்களுக்குச் சீரம் வேண்டாம், இரண்டு பூஸ்டர் போதும். அதனால் பழைய ஊசிச் சீட்டு இருந்தால் மறக்காமல் கொண்டு வாருங்கள்.