இழுபொறி: ‘டீசல் இயந்திரம்’ என்பது ஏன் பொருந்தாது?

“எஃப்7 டீசல் இயந்திரத்தில் 16 சிலிண்டர் டீசல் இயந்திரம் பொருத்தப்பட்டிருந்தது” என்பது போன்ற வாக்கியங்கள், கட்டைகளைப் பொருத்திச் செய்யும் லெகோ ரயில் மாதிரிகளைப் பற்றிய தமிழாக்கங்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. முதலில் வரும் இயந்திரம் தண்டவாளத்தில் ஓடும் முழு வண்டி. அடுத்து வருவது அதன் உள்ளே இருக்கும் எஞ்சின். மூலத்தில் லோகோமோட்டிவ், எஞ்சின் எனத் தனித்தனியாக நிற்கும் இரண்டு சொற்களை ஒன்றாக்கிவிட்டு, எது எதற்குள் இருக்கிறது என்று ஊகிக்கும் வேலையை வாசகரிடம் தள்ளிவிடுகிறார்கள்.

லோகோமோட்டிவ் என்பது ‘இடத்திலிருந்து’, ‘நகர்த்துவது’ என்னும் பொருளுள்ள லத்தீன் சொற்கள் இணைந்து பிறந்தது. டீசல், 1890களில் அந்த எஞ்சினை உருவாக்கிய ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசலின் பெயர். ஆட்பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் எலக்ட்ரோ-மோட்டிவ் பிரிவு 1949 முதல் 1953 வரை கட்டிய எஃப்7 வகையைப் பாருங்கள். சாண்டா ஃபே ரயில்வேயின் சிவப்பும் வெள்ளியுமான வண்ணத்தில் 2002இல் லெகோ வெளியிட்ட ‘சூப்பர் சீஃப்’ மாதிரிக்கு முன்மாதிரி இந்தக் குடும்பமே. அதன் 1,500 குதிரைத்திறன் டீசல் எஞ்சின் சக்கரத்தை நேரே சுழற்றுவதில்லை. அது ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது; அங்கு பிறக்கும் மின்சாரம் கீழே அச்சுகளோடு பிணைந்த மோட்டார்களுக்குச் செல்கிறது; சக்கரத்தைச் சுழற்றுபவை அவையே. மாதிரியிலோ டீசலே கிடையாது. அக்கால லெகோ ரயிலின் 9 வோல்ட் மோட்டார், வண்டிக்கு அடியில் சக்கரங்களோடு சேர்ந்த ஒரே தொகுதியாக இருந்து, தண்டவாளத்தின் உலோகப் பரப்பிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும். அதையும் ‘டீசல் இயந்திரம்’ என்று எழுதினால் எதைச் சுட்டுகிறோம்?

இதற்கு மாற்றாக ‘உந்துப்பொறி’ என்ற ஆக்கத்தைச் சிலர் முன்வைக்கிறார்கள். இயந்திரம் வடசொல் என்பதால் அதை விலக்கும் அவர்கள் நோக்கம் எனக்கு உடன்பாடே. மதுரை மதிலின் போர்க்கருவிகளைச் சொல்லும் சிலப்பதிகாரத்திலேயே ஆளப்பட்ட ‘பொறி’ நம்மிடம் இருக்கிறது. ஆனால் அதன் முன்னால் நிற்கும் ‘உந்து’ இங்கே பொருந்தவில்லை. முதலாவது இலக்கணம்: உந்துகின்ற பொறி என விரியும் வினைத்தொகையில் வல்லினம் மிகாது; ஊறுகாய், சுடுகாடு போல உந்துபொறி என்றே எழுத வேண்டும். தமிழ்த்தூய்மைக்காக ஆக்கிய சொல்லிலேயே ஒற்றுப்பிழை இருப்பது வருத்தம் தருகிறது. இரண்டாவது, உந்துதல் என்றால் தள்ளுதலும் செலுத்துதலும். செலுத்துவது என்று கொண்டால், உள்ளிருக்கும் டீசல் எஞ்சினும், அச்சிலுள்ள மோட்டாரும், படகின் மோட்டாரும்கூட உந்துபொறிகளே. விட்ட குழப்பம் மீண்டும் வந்து ஒட்டிக்கொள்கிறது. மூன்றாவது, பேருந்து, மகிழுந்து, தொடருந்து ஆகியவற்றில் ‘உந்து’ ஏற்கெனவே வண்டி என்ற பெயர்ச்சொல்லாக நிலைத்துவிட்டது. ‘தொடருந்தின் உந்துபொறி’ என்று எழுதிப் பார்த்தால் ஒரே சொல் இரு பொருளில் மோதுவது தெரியும்.

ஆகவே நான் பரிந்துரைப்பது ‘இழுபொறி’. எஃப்7 செய்வதும் அதுவே, காந்த இணைப்பால் பெட்டிகளைக் கோத்துக்கொண்டு ஓடும் மாதிரி செய்வதும் அதுவே. மலையேற்றத்தில் பின்னாலிருந்து தள்ளும் பொறியும் உண்டே என்பார்கள். பெயர் முதன்மைத் தொழிலைக் கொண்டு அமைகிறது, தள்ளும்போது ‘பின்தள்ளும் இழுபொறி’ என்றால் போதும். டீசலால் மின்சாரம் ஆக்கி ஓடும் வகை டீசல்-மின் இழுபொறி. உள்ளிருப்பது டீசல் எஞ்சின். பேச்சில் ரயில் எஞ்சின் என்றோ, ரயில்வே ஊழியர்களைப் போல லோகோ என்றோ சொல்வதில் குறையில்லை. தொழில்நுட்ப விளக்கத்தில்தான் இந்தப் பிரிப்பு கட்டாயம்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. லெகோ 2005இல் வெளியிட்ட ஜிபி-38 என்ற இழுபொறி மாதிரியை ‘இரண்டு போகிகள் கொண்டது’ என்று விவரித்தால், பயணிகள் பெட்டியைப் போகி என்றே சொல்லிப் பழகிய தமிழர் இரண்டு பெட்டிகளைத் தேடுவார். அங்கே குறிக்கப்படுவது வண்டியைத் தாங்கி, வளைவுகளில் திரும்பும் சக்கரத் தொகுதி. ‘இரண்டு சக்கரத் தொகுதிகள்’ என்று எழுதினால், கையில் கட்டைகளோடு உட்கார்ந்திருக்கும் சிறுவனுக்கும் எதைப் பொருத்த வேண்டும் என்பது உடனே விளங்கும்.