656-வது லோடில் நின்றுபோன எடைமேடை

ஆத்தூர்ப் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். எடைமேடைக் கணினி பழுதாகி, மரவள்ளிக் கிழங்கு சீசன் தொடக்கத்தில் புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறார்கள். பழைய பில் புரோகிராம் அதில் ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது, அமாவாசைக்கு மறுநாள் நின்றது, அன்றிலிருந்து திறந்த உடனே மூடிக்கொள்கிறதாம். கணினிக்கு ராசியில்லை என்று எலுமிச்சம்பழம் கட்டியிருக்கிறார்கள். நிஜமான காரணம் என்ன என்று கேட்கிறார்.

புரோகிராமின் நகலை வாங்கி, அஸ்தம்பட்டி வீட்டில் இரண்டு ராத்திரி ஓட்டிப் பார்த்தேன்.

பழைய கணினியில் இருந்தது 32 பிட் லினக்ஸ் இயங்குதளம், அதன் கெர்னல் (நினைவகத்தையும் புரோகிராம்களையும் ஆளும் மையப் பகுதி) 2.4 வரிசை. புதியதில் 64 பிட். கெர்னலிடம் புரோகிராம் வேலை கேட்பது ஓர் எண்ணைச் சொல்லித்தான், நம் வீட்டுக் கதவுகளில் இருப்பதுபோல அதிலும் பழைய எண், புதிய எண் உண்டு. ‘எழுது’ என்பதற்குப் பழைய எண் 4, புதிய எண் 1. பழைய கணக்கில் 1 என்றால் ‘முடித்துக்கொள்’. 64 பிட் கெர்னல் இரண்டு பட்டியலையும் வைத்துக்கொண்டு, கேட்பவர் எந்த வழியாக வந்தார் என்று பார்த்துப் பதில் சொல்கிறது. சரி, கோளாறு அங்கே இல்லை.

கெர்னல் நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவேட்டில் ஒரு வரி இருந்தது: நினைவக முகவரி 0, பிழை எண் 6. இந்த 6 என்பது 4-ம் 2-ம் சேர்ந்தது. 4 என்றால் தவறு செய்தது சாதாரணப் புரோகிராம், 2 என்றால் எழுதப் போனபோது நடந்தது. 1 சேரவில்லை, ஆகவே அந்த இடத்தில் நினைவகமே கிடையாது. இத்தனையையும் ஒற்றை எண்ணில் சொல்லிவிட்டுச் சாகிறது புரோகிராம்! அதைப் படிக்க நம் பாலிடெக்னிக்குகளில் ஒரு வாரம் ஒதுக்கிச் சொல்லிக்கொடுத்தால் எத்தனை ஆலைகளுக்கு உதவும்.

இல்லாத இடத்தில் ஏன் எழுதப் போனது? இங்கேதான் எனக்குத் தூக்கம் போனது. வண்டி எண், எடை, பாயிண்ட் (மாவுச்சத்து அளவு), தொகை எல்லாம் சேர்த்து ஒரு லோடுக்கு 200 பைட். சீசன் கணக்கு முழுவதற்கும் ஒரே துண்டாக நினைவகம் கேட்கிறது இந்தப் புரோகிராம். கேட்பது 128 கேபிக்குள் இருக்கும்வரை தன் பக்கத்திலேயே, தாழ்வான முகவரியில் கிடைத்துவிடும். தாண்டினால் கெர்னல் தனியாக இடம் ஒதுக்கும். 656 லோடு ஆனதும் 1,31,200 பைட், எல்லை தாண்டியாயிற்று.

பழைய கெர்னல் அப்படிப்பட்ட இடங்களை 1 ஜிபியிலிருந்து மேல்நோக்கிக் கொடுக்கும், அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறுவதுபோல. புதியது உச்சியிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வருவதுபோல மேலிருந்து கீழே கொடுக்கும், அதிலும் 64 பிட் கெர்னலில் 32 பிட் புரோகிராமுக்கு உச்சி என்பது கிட்டத்தட்ட 4 ஜிபி. எனக்குக் கிடைத்த முகவரி 415,76,03,840. புரோகிராமை எழுதியவர் முகவரியைக் குறியுள்ள எண்ணாக, அதாவது பிளஸ், மைனஸ் இரண்டும் வரக்கூடியதாக வைத்திருந்தார். 32 பிட்டில் 2 ஜிபியைத் தாண்டிய எதுவும் அப்படிப் பார்த்தால் மைனஸ் ஆகிவிடும், இது மைனஸ் 13,73,63,456. ‘பூஜ்யமோ அதற்குக் குறைவோ என்றால் இடம் கிடைக்கவில்லை’ என்று ஒரு சோதனை வைத்திருக்கிறார். இடம் கிடைத்திருந்தும் கிடைக்கவில்லை என்று முடிவுகட்டி, பூஜ்யத்தைப் பிடித்துக்கொண்டு எழுதப் போய் விழுந்தது.

ஆக, தவறு பல வருடமாகப் புரோகிராமுக்குள்ளேயே இருந்திருக்கிறது, பழைய கெர்னல் அதைத் தொடும்படியான முகவரியைக் கொடுக்கவே இல்லை. அமாவாசையன்று நிறைய கிழங்கு வந்து 655 தாண்டியிருக்கும், அவ்வளவுதான். எலுமிச்சம்பழம் கட்டியவர்களைக் குறை சொல்ல மாட்டேன், காரணம் தெரியாதபோது பயம் வரும். ஆனால் பதிவேட்டைத் திறந்து பார்க்காமலேயே புதிய கணினியையும் மாற்றச் சொன்னவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம்.

உடனடி வழி, செட்ஆர்ச் (setarch) என்ற லினக்ஸ் கட்டளையில் பழைய நினைவக அமைப்பைக் கேட்டு ஓட்டுவது. அப்போது இடம் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்திலிருந்து மேல்நோக்கிக் கிடைக்கும், 2 ஜிபிக்குக் கீழே. நிரந்தர வழி மூல நிரலைத் திருத்துவது, ஆனால் அது யாரிடமும் இல்லை. அப்புறம் இயந்திர மொழியில் தேடினேன். ‘பூஜ்யமோ குறைவோ என்றால் தாவு’ என்ற கட்டளையின் பைட் 126. ‘பூஜ்யம் என்றால் மட்டும் தாவு’ என்பதற்கு 116. நகலில் அந்த ஒரு பைட்டை மாற்றி 655, 656, 657 லோடு வைத்து ஓட்டினேன், மூன்றும் திறந்தன. மாற்றாத கோப்பையும் தனியாக வைத்திருக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.