‘பாஸ்’ என்ற வினைக்குத் தமிழில் எத்தனை சொல்?

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் புளியரைச் சோதனைச்சாவடியில் எம்-சாண்ட் லாரி வந்து நின்றால் ஓட்டுநரிடம் கேட்பது “பாஸ் இருக்கா?” என்றுதான். அதே சாலையில் பேருந்தில் வரும் பள்ளிப் பையன் நடத்துநரிடம் நீட்டுவதும் பாஸ். அவன் அண்ணன் போன வருடம் அரியர் எழுதி ஒருவழியாக ஆனதும் பாஸ். பேருந்து ஏறிப்போகும் ஆரியங்காவு மலைவழிக்கும் ஆங்கில வரைபடத்தில் பாஸ் என்றே பெயர். செங்கோட்டையை விட்டுப் புனலூர் போய்ச் சேர்வதற்குள் ஒரே ஆங்கிலச் சொல் இத்தனை வேலை பார்த்துவிடுகிறது. தமிழில் எழுதும்போது ‘பாஸ் என்றால் கடத்தல்’ என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லா இடத்திலும் போட்டால் வாக்கியம் கெட்டுப்போகும். எது, எதைத் தாண்டி, எங்கே போகிறது என்று பார்த்துத்தான் சொல்லைத் தேட வேண்டும்.

“என்ன பாஸ், சௌக்கியமா?” என்பதில் வரும் பாஸை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அது முதலாளியைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன, அவ்வளவுதான்.

நம்முடைய பாஸ் லத்தீன்காரன். அந்த மொழியில் ‘பாசுஸ்’ என்றால் எட்டு, அதாவது நடக்கும்போது எடுத்து வைக்கும் காலடி. விரித்தல் என்ற பொருளுள்ள ஒரு வினையிலிருந்து அது பிறந்தது. காலை அகட்டி வைத்தால்தானே எட்டு? அதிலிருந்து பேச்சு லத்தீனில் ‘அடி வைத்துப் போ’ என்ற வினை உண்டாகி, பழைய பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டுவாக்கில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. கிரிக்கெட்டில் சொல்கிற ‘பேஸ்’ பந்துவீச்சும் இதே எட்டிலிருந்து வந்ததுதான். ரயிலில் போகும் ‘பாசஞ்சர்’ பிரெஞ்சில் ‘பாசஜர்’ஆக இருந்தவர், நடுவில் உள்ள மெல்லின ஒலி ஆங்கிலேயர் வாயில் பின்னால் ஒட்டிக்கொண்டது.

அப்படிப் பார்த்தால் லாரிக்காரர் காட்டும் பாஸுக்கு அரசு ஆவணங்களில் இருக்கும் ‘நடைச்சீட்டு’ அருமையான சொல். கல், ஜல்லி, மண் ஏற்றிய வண்டி ஒவ்வொரு நடைக்கும் தனித்தனியாக வாங்க வேண்டிய சீட்டு அது. “இன்னைக்கு ரெண்டு நடை அடிச்சேன்” என்று லாரி ஓட்டுபவர்கள் சொல்கிற அந்த நடைதான் இதிலும் இருக்கிறது. லத்தீனில் காலடி, தமிழில் நடை! யாரும் அகராதியைப் பார்த்து மொழிபெயர்த்ததுபோல் தெரியவில்லை. வேலையிலிருந்தே பிறந்த சொல்லாகத்தான் படுகிறது. 2020இல் கொரோனா நேரத்தில் மாவட்டம் விட்டு மாவட்டம் போகவே ‘இ-பாஸ்’ கேட்டார்கள். 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வண்டிகளுக்கும் அது வேண்டும். செய்திகளில் அது இ-பாஸாகவே நிலைத்துவிட்டது. ‘மின்நடைச்சீட்டு’ என்று எழுதியிருந்தால் யாருக்கும் புரியாமல் போயிருக்காது.

மாணவர்களின் பஸ் பாஸுக்குப் ‘பயண அட்டை’ பொருத்தம். இது தமிழ்நாட்டுப் பையனுக்கு. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், மாணவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் பயணம் என்பதால் அங்கே பேச்செல்லாம் ‘கன்செஷன்’தான்.

மலைவழிக்கு வருவோம். ஆரியங்காவு வழியைக் ‘கணவாய்’ என்கிறோம். பாலக்காட்டுக் கணவாய் பாடப் புத்தகத்திலேயே வருகிறது: வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு மலையே இல்லாத வெளி. கன்னியாகுமரிக் கடற்கரையில் போய்க் கணவாய் என்றால் மீனைக் காட்டுவார்கள், அது வேறு. மலையாளிகள் இதே மலைவழியைச் ‘சுரம்’ என்கிறார்கள். பாலக்காட்டுச் சுரம், தாமரைச்சேரிச் சுரம். நம் காதுக்குச் சுரம் என்றால் காய்ச்சலும் பாட்டும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் சங்கப் பாடல்களில் பொருள் தேடிப் போகிற தலைவன் கடக்கிற கடுமையான பாலைவழிக்குச் சுரம் என்றுதான் பெயர். நாம் கைவிட்ட சொல்லை அவர்கள் பச்சை மலையில் வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆங்கிலத்தில் இறந்த காலத்தைக் குறிக்கும் ‘பாஸ்ட்’ என்பது வேறொன்றுமில்லை, இந்தப் பாஸ் வினையின் முடிந்த வடிவத்தைப் பழைய முறையில் எழுதியது. கடந்து போனது, அதனால் பாஸ்ட். ஒருவர் செத்துப்போனதை மென்மையாகச் சொல்லவும் அவர்கள் ‘பாஸ்’ போடுகிறார்கள். எல்லை தாண்டி அத்துமீறுவதற்கும் ‘டிரெஸ்பாஸ்’. காலம், சாவு, மீறல் ஆகிய மூன்றும் ஒரே வினையில் அடங்கியிருக்கின்றன.

தமிழில் இந்த மூன்றையும் செய்த ஒரே வினை உண்டு. அது ‘இற’. இன்று இறத்தல் என்றால் சாவு மட்டும்தான். ஆனால் அதன் பழைய பொருள் கடந்து போதல், தாண்டிப் போதல். அதனால்தான் தொல்காப்பியம் காலத்தை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று மூன்றாக்கியது. பள்ளியில் ‘இறந்த காலம்’ என்று படித்தபோது காலம் செத்துப்போனதாகத்தான் பலரும் நினைத்திருப்போம். அது கடந்து போன காலம். திருக்குறளில் பொறையுடைமை அதிகாரத்தைப் பாருங்கள். ‘பொறுத்தல் இறப்பினை என்றும்’ என்கிறார் வள்ளுவர். சாவைப் பொறுத்துக்கொள் என்றா சொல்கிறார்? ஒருவன் வரம்பு கடந்து செய்த தீங்கைப் பொறுத்துக்கொள் என்கிறார். அதே அதிகாரத்தில் ‘இறந்தார்வாய் இன்னாச்சொல்’ என்று வருகிறதே, அந்த இறந்தார் நெறி தாண்டிப் பேசுகிறவர்கள். ஆங்கிலத்தில் டிரெஸ்பாஸ் செய்கிறவர்கள். உயிர் கடந்து போனவரை ‘இறந்தார்’ என்று சொல்லத் தொடங்கி, மெல்ல மெல்ல அந்தப் பொருள் மட்டும் மிஞ்சியது. ஆக ‘இறந்துவிட்டார்’ என்பதும் ஒருகாலத்தில் ‘காலமானார்’போல மென்மையான சொல்லாகத்தான் இருந்திருக்க வேண்டும். இன்று அது நேராகச் சாவையே சொல்வதால், மென்மைக்குக் காலமானார், இயற்கை எய்தினார், தவறிவிட்டார் என்று வேறு சொற்களைத் தேடுகிறோம்.

இற என்பது சாவோடு நின்றுவிட்டதால் அதன் மற்ற வேலைகளை இப்போது ‘கட’ பார்க்கிறது. கடந்த ஆண்டு, சாலையைக் கடந்தான், பேருந்து புளியரையைக் கடந்தது, எல்லாம் சரி. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் தானாகப் போனாலும் பாஸ், இன்னொன்றைப் போகச் செய்தாலும் பாஸ். தமிழ் இரண்டையும் கட, கடத்து என்று பிரித்துவிடும். மின்சாரத்தைப் போகவிடும் கம்பி மின்கடத்தி. ஆனால் எல்லையில் இருக்கிற எங்களுக்குக் கடத்தல் என்றதும் மின்சாரம் நினைவுக்கு வராது, ராத்திரியில் கேரளத்துக்குப் போகும் ரேஷன் அரிசிதான் வரும். கால்பந்துச் செய்தியில் ‘பந்தைக் கடத்தினார்’ என்று படிக்கும்போது எனக்கு உறுத்துவது அதனால்தான். ‘பந்தைத் தள்ளினார்’, ‘பந்தைக் கொடுத்தார்’ போதும். விளையாடுகிற பையன்களே “எனக்குக் குடுடா” என்றுதான் கத்துகிறார்கள்.

கடவு என்றால் வழி. மலையாளத்தில் ஆற்றில் இறங்கித் தோணி ஏறும் துறைக்குக் கடவு என்று பெயர். பறசினிக்கடவு என்று ஊர்ப் பெயராகவும் இருக்கிறது. இலங்கைத் தமிழர் சாலையில் நடந்து கடக்கும் இடத்தைப் பாதசாரிக் கடவை என்கிறார்கள். பாஸ்போர்ட்டுக்குக் கடவுச்சீட்டு, பாஸ்வேர்டுக்குக் கடவுச்சொல் என்று வந்தது இந்த வேரிலிருந்துதான். இரண்டும் நல்ல சொற்கள். பாஸ்புக்கில் மட்டும் கடவு வேண்டாம். வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே போய்வரும் நோட்டு என்பதால் வந்த பெயர் அது. தமிழில் ‘கணக்குப் புத்தகம்’ என்றாலே விளங்கும்.

தேர்வில் பாஸ் ஆவதற்குத் தேர்ச்சி. மலையாளத்தில் தேர்வில் ஜெயிப்பார்கள், இல்லையென்றால் தோற்பார்கள், போர்க்களம் மாதிரி. தமிழின் தேர்ச்சி ‘தேர்’ என்ற வினையிலிருந்து வந்தது. தேர்தல் என்றால் ஆராய்தல். பக்கத்திலேயே ‘தேறு’ என்று இன்னொன்று இருக்கிறது. நம்புதல், தெளிதல் அதன் பழைய பொருள். ‘தேறற்க யாரையும் தேராது’ என்ற குறளில் இரண்டும் சேர்ந்தே வரும்: ஆராயாமல் யாரையும் நம்பாதே. “பையன் தேறிட்டான்” என்றால் சோதித்துப் பார்த்து நம்பிக்கைக்கு உரியவன் ஆகிவிட்டான் என்ற பொருளும் உள்ளே இருக்கிறது. காய்ச்சல் விட்ட உடம்பும் தேறும். இதனால்தான் 2020இல் பத்தாம் வகுப்புத் தேர்வே நடக்காமல் வந்த ‘ஆல் பாஸ்’ஸைத் தேர்ச்சி என்று எழுதுவது பொருந்தாது என்பேன். ஆராய்ந்து பார்க்காதபோது தேர்ச்சி எங்கிருந்து வரும்? ‘வகுப்பு உயர்வு’ என்பதே நேர்மையான சொல்.

மற்றவற்றைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். சட்டமன்றத்தில் மசோதா பாஸ் ஆனால் நிறைவேறியது. கருவூலத்தில் பில் பாஸ் ஆனால் பட்டியல் ஏற்கப்பட்டது. பைபாஸ் சாலைக்குப் புறவழிச்சாலை என்பது பலகைகளிலேயே வந்துவிட்டது. டைம்பாஸுக்குப் பொழுதுபோக்கு இருக்கிறது. பிரெஞ்சுக்காரன் ‘காலம் போக்குதல்’ என்று கட்டிய சொல்லை ஆங்கிலேயன் வாங்கிப் ‘பாஸ்டைம்’ ஆக்கினான், நாமோ பொழுதையும் போக்கையும் நாமாகவே சேர்த்து வைத்திருந்தோம். வேலைவாய்ப்பு விளம்பரங்களில் வரும் ‘பாஸ்டு அவுட்’டைப் ‘படித்து முடித்தவர்’ என்று எழுதுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பலரிடம் அதைச் சொன்னால் மயங்கி விழுந்ததாகப் புரிந்துகொள்வார்கள்.

அப்புறம் மருத்துவமனை. “யூரின் பாஸ் ஆகுதா?” என்று வயதானவர்களிடம் கேட்கும் வழக்கம் எங்கும் பரவிவிட்டது. மலையாளத்தில் மூத்திரம் என்பது சாதாரணச் சொல், தாதியர் கூசாமல் சொல்வார்கள். இந்தப் பக்கம் அது கொச்சையாகத் தோன்றுவதால் ஆங்கிலத்துக்குள் ஒளிந்துகொள்கிறோம். படுக்கையில் கிடக்கும் பாட்டிக்கு அந்தப் பாஸ் புரியாமல் போனால், சும்மா தலையாட்டிவிடுவார். மருத்துவருக்குத் தவறான பதில் போகும். எழுத்தில் ‘சிறுநீர் கழித்தல்’ இருக்கட்டும். கட்டிலருகே நிற்கும்போது “ஒண்ணுக்கு ஒழுங்கா போகுதா ஆச்சி?” என்று கேட்டால் போதும்.