போலஸ் என்றால் கவளம்

இதயத் தசைக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று எம்ஆர்ஐயில் பார்க்கும்போது ஸ்கேன் அறையில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘போலஸ்’. ஊசி என்றோ டோஸ் என்றோ சொல்லிவிட்டால் பாதிப் பொருள்தான் வரும்.

கிரேக்கத்தில் ‘போலோஸ்’ என்றால் மண்ணாங்கட்டி. லத்தீன் வழியாக மருத்துவத்துக்குள் வந்து, விழுங்கும் பெரிய மருந்து உருண்டைக்கும், மென்று திரட்டிய உணவு உருண்டைக்கும் பெயரானது. அப்புறம்தான் சிரையில் ஒரே மூச்சில் ஏற்றும் மருந்துக்கும் வந்தது. வயலில் இருந்து வாய்க்கும், வாயில் இருந்து ரத்தக்குழாய்க்கும் போன பிறகும், ‘சிதறாமல் ஒன்றாய்த் திரண்டது’ என்ற கரு அப்படியே இருக்கிறது.

இந்தப் பரிசோதனையின் உயிரே அந்தத் திரட்சிதான். ரத்தம் போகும் இடத்தைப் படத்தில் வெளுப்பாகக் காட்டுவது, கடோலினியம் என்ற உலோகம் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்து. அதை வழக்கமாக உடல் எடையில் கிலோவுக்கு 0.05 முதல் 0.1 மில்லிமோல் (பொருளின் அளவைச் சொல்லும் அலகு) வரை தருவார்கள். 70 கிலோ உள்ளவருக்குக் குறைந்த அளவு 3.5 மில்லிமோல், மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிமோல் உள்ள மருந்தானால் 7 மில்லிலிட்டர். இயந்திர ஊசி அதை நொடிக்கு 4 மில்லிலிட்டர் வேகத்தில் தள்ளினால் இரண்டு நொடிக்குள் முடிந்துவிடும். பின்னாலேயே உப்புநீர் போய், குழாயிலும் கைச் சிரையிலும் தங்கியதை முன்னே தள்ளும். திரையில் முதலில் வலது இதய அறை வெளுக்கும், நுரையீரலைச் சுற்றி வந்ததும் இடது அறை, பிறகு தசை. ரத்தம் குறைந்த பகுதி மட்டும் கொஞ்ச நேரம் கறுத்தே நிற்கும். மருந்து மெதுவாக நீண்டு வந்தால் அந்த வேறுபாடு மங்கிவிடும்.

இதே பரிசோதனையில் ரத்தக்குழாயை விரிக்கும் அடினோசின் மட்டும் நிமிடக் கணக்கில் சீராக ஏறும். அதனால்தான் பொதுவாக இரண்டு கையிலும் தனித்தனி ஊசி போடுகிறார்கள். ஒரே குழாயில் விட்டால், வேகமாக வரும் கான்ட்ராஸ்ட் குழாயில் நிற்கும் அடினோசினையும் ஒரேயடியாக உள்ளே தள்ளிவிடும். வேண்டாத இடத்தில் ஒரு போலஸ்!

சரி, தமிழில்? ‘திரள்’ பொருந்தும், ஆனால் அதில் அளவு இல்லை. ‘உருண்டை’ வடிவத்தோடு நின்றுவிடும். என் தேர்வு ‘கவளம்’. ஒரு வாய்க்கு என்று அளந்து திரட்டி, ஒரே தடவையில் உள்ளே போவது. புறநானூற்றின் 184ஆம் பாட்டிலேயே, நெல்லை அறுத்து யானைக்குக் கவளமாகக் கொடுக்கும் பேச்சு வருகிறது. வாய்க்குரிய சொல்லைச் சிரைக்குச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போலஸும் வாய்வழி வந்த சொல்தானே.

கூட்டுச்சொற்களுக்கும் அது நன்றாக வளைந்து கொடுக்கிறது. மருந்து இதயத்தை எட்டும் நேரத்தை அறியச் சிறிதளவு முன்னோட்டமாக விடுவது ‘சோதனைக் கவளம்’. ரத்த ஓட்டத்தை எண்ணில் கணக்கிட, முதலில் நீர்த்த மருந்தும் அடுத்து முழுச் செறிவு மருந்தும் தருவது ‘இருகவள முறை’. முழுச் செறிவில் இடது அறையின் வெளிச்சம் மருந்தளவுக்கு நேராக ஏறாது என்பதால் அந்த ஏற்பாடு.